அறுபது கதவுகளும் ஒரு தையல் மெஷினும்

என் ஓரகத்திக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். பதினாலு வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம். என் சமையலில் உப்பு கூடினால் வீட்டில் எல்லாரும் பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அவள் மட்டும் உப்பு கூடிவிட்டது என்று சொல்லுவாள். அதுவும் என் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்லுவாள்.

அவளுடைய வேலை கேள்வி கேட்பது. கருத்துக்கணிப்பு நடத்துகிற ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவாள். சாதாரண நாளில் சோப்பு, பற்பசை, துணிப்பவுடர். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஒரு விபத்தில் கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது இந்த வேலைக்குப் போனவள், அவர் எழுந்து நடந்த பிறகும் விடவில்லை. பதினோரு வருஷமாயிற்று. நாற்பத்து மூன்று வயது, இரண்டு பெண் பிள்ளைகள், வருஷத்துக்கு மூன்று ஜோடி செருப்பு. தெருக்களில் அவளைக் ‘கேள்வி அக்கா’ என்பார்கள்.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. தெருமுனையில் ஆரம்பித்து வலதுகைப் பக்கமாகவே போய், ஒவ்வொரு ஐந்தாவது கதவையும் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக்கூடாது, மூன்று தடவை திரும்பி வர வேண்டும். கடைசியில் பதில் சொன்னவரின் பெயர், கதவு எண், போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது எதற்கென்றால், நாங்கள் உண்மையிலேயே போனோமா என்று அலுவலகத்திலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அதற்கு மட்டும்தான் என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கும்.

என் ஓரகத்தி இதை அட்சரம் பிசகாமல் செய்வாள். யார் வீட்டிலும் உட்கார மாட்டாள், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். உட்கார வைத்து உபசரித்தால் அவர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பார்ப்பார்களாம். ‘காரணம்’ என்ற கட்டத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவாள், கெட்ட வார்த்தை உட்பட.

நானும் அவள் சிபாரிசில்தான் இதே வேலையில் சேர்ந்தேன். என் முறை வேறு. பேருந்து நிறுத்தத்தில் நிழலான பெஞ்சு ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நானே பெயர் வைப்பேன், நானே வயது வைப்பேன், போன தேர்தலின் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி ஓட்டும் போடுவேன். காரணத்துக்கு ‘பொதுவான அதிருப்தி’. சரிபார்ப்புக்காக ஐந்தாறு படிவத்தில் என் தம்பி, சித்தி பெண், பழைய தோழிகள் நம்பரைக் கொடுத்துவிடுவேன். மற்றதெல்லாம் வாய்க்கு வந்த எண். என் தம்பி ஒரே தேர்தலில் மூன்று வேட்பாளருக்கும் ஓட்டுப் போட்டவன். வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். வெயிலில் நாலு மாடி ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இந்தத் தடவை எங்கள் நகரத்து நாடாளுமன்றத் தொகுதியில் மூன்று பேர். இரண்டு தடவை ஜெயித்து உட்கார்ந்திருக்கிற பழையவர், பெண்கள் ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டரம்மா, தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற வக்கீல். பழையவர்தான் மறுபடியும் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். என் பெஞ்சுக் கணக்கும் அதையேதான் சொன்னது. என் ஓரகத்திக்குச் சந்தைப் பகுதி ஒதுக்கப்பட்டது, அறுபது கதவு. ஒன்பது நாள் அலைந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், பழையவர் அங்கே மூன்றாவது இடத்தில் இருக்கிறார் என்று. நான் நம்பவில்லை.

அந்த அறுபதில் ஒருத்தி தையல்காரி. சந்தைக் கட்டிடத்தில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு மெஷின் போட்டு இருபத்து இரண்டு வருஷமாகத் தைக்கிறவள். வீட்டுக்காரர் இல்லை. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக ஒரே அறையில் குடியிருப்பு. சாப்பிட வீட்டுக்கு வந்த நேரத்தில் என் ஓரகத்தி கதவைத் தட்டியிருக்கிறாள். தையல்காரி முதலில் பதில் சொல்லப் பயந்தாளாம். இது வெளியே போகாது, நான் பொறுப்பு என்று இவள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாளாம். மூன்று வருஷமாகச் சந்தைக் கூரைத் தகடு ஒழுகுகிறது, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் நனைகிறது, ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை, ஜெயித்துப் போனவனுக்கு என் செருப்புகூட ஓட்டுப் போடாது என்றாளாம். அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள் என் புண்ணியவதி.

படிவங்களைக் கொடுத்த பன்னிரண்டாம் நாள் காலையில் தையல்காரி விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். நான்தான் கதவைத் திறந்தேன். கேள்வி கேட்கிறவள் இருக்கிறாளா என்றாள். என் ஓரகத்தி வெளியே வந்தாள். தையல்காரியின் குரல் உயரவே இல்லை, ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

“செருப்பைப் பத்தி உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நேத்து குத்தகைக்காரன் என் மெஷினைத் தூக்கித் தெருவுல வெச்சுட்டு, செருப்பு எங்கே, அதுகிட்டயே இடம் கேளுன்னான். எப்படி அவன் காதுக்குப் போச்சு?”

குத்தகைக்காரன் என்றால் சந்தையில் இடம் பிரித்துக் கொடுக்கிறவன், பழையவரின் வலது கை. என் ஓரகத்தி உடனே தன் செருப்பை மாட்டினாள். தெரியலைக்கா, கேட்டுட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னாள். உள்ளே வரச் சொல்லியும் தையல்காரி வரவில்லை.

அன்றைக்கே நிறுவனத்துக்குப் போனோம். நானும் கூடப் போனேன், இவளைத் தனியாக அனுப்பினால் அழுதுவிட்டு வந்துவிடுவாள் என்று. முதலாளி சின்ன வயசுக்காரன், கண்ணாடி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒளிக்கக்கூட இல்லை. கணிப்பைக் கேட்டது தொலைக்காட்சி இல்லையாம், பழையவர் தரப்பாம். அவர்கள் முடிவோடு படிவங்களையும் சேர்த்துக் கேட்டார்கள், ஒப்பந்தத்தில் இருந்தது, கொடுத்துவிட்டோம் என்றான். அடியில் அச்சடித்திருப்பது என்ன என்று இவள் கேட்டாள். அது பழைய படிவம், மாற்றவில்லை என்றான்.

அப்புறம் அவன் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. “மத்தவங்க படிவத்துல பாதி நம்பர் வேலையே செய்யலை. உங்க அறுபதும் அறுபதும் சரியா இருந்துச்சும்மா. அவங்களே பாராட்டினாங்க. உங்களை மேற்பார்வைக்குப் போடலாம்னு இருக்கேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதிய பொய்யால் ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கேடு வரவில்லை. பழையவர் ஆட்கள் என் தம்பியைக் கூப்பிட்டிருப்பார்கள், அவன் ராங் நம்பர் என்று வைத்திருப்பான். வெயிலில் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல், சொன்னது சொன்னபடி எழுதினாளே, அவள் எழுத்துதான் ஒருத்தியின் பிழைப்பைத் தெருவில் தூக்கி வைத்தது. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்லுவது? அடையாள அட்டையைக் கழற்றி அவன் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். நான் கழற்றவில்லை. என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

சரி, வேலையை விட்டாயிற்று, தொலையட்டும் என்று இருக்கிற பெண்ணா அவள்? மறுநாளிலிருந்து அந்த அறுபது கதவையும் மறுபடி தட்டினாள். நீங்கள் சொன்னது வெளியே போய்விட்டது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வருவாளாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. இருபது பேர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தர் அசிங்கமாகத் திட்டினார். மூன்றாம் மாடியில் ஓர் ஆசிரியை மட்டும் சிரித்தாள். நான் அன்றைக்கே உன்னிடம் பொய்தான் சொன்னேன், பழையவருக்குத்தான் என்றேனே, நிஜமாகப் போடப்போவது டாக்டரம்மாவுக்கு என்றாள். பிழைக்கத் தெரிந்தவள்.

ஓட்டுப்பதிவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பழையவர் சந்தைக்கு ஓட்டுக் கேட்க வந்தார். சாயங்காலம், கடையெல்லாம் திறந்திருக்கிற நேரம். மாலைகள், மேளம், ஏழெட்டு கேமரா. என் ஓரகத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். நான் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

“ஐயா, இந்தப் பகுதியில நீங்க மூணாவது இடத்துல இருக்கீங்க. கூரை ஒழுகுதுன்னு சொன்ன குத்தத்துக்கு ஒரு பொம்பளையோட மெஷினை உங்க ஆளுங்க தெருவுல வெச்சுட்டாங்க. அவங்க சொன்னதை எழுதினவ நான். கோபம்னா என்மேல காட்டுங்க.”

மேளம் நின்றுவிட்டது. எனக்குப் பயம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த ஆளின் முகத்துக்கு நேரே யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

பழையவர் யார்? நாற்பது வருஷ அரசியலில் தின்று கொழுத்தவர். ஒரு நொடிதான் முழித்தார். அடுத்த நொடி கைகூப்பினார். என் கண்ணைத் திறந்துவிட்டாய் அம்மா என்று கேமரா பக்கம் திரும்பிச் சொன்னார். குத்தகைக்காரனைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னாலும் காறித் துப்பாத குறையாகத் திட்டினார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினான், சம்பளத்துக்கு நடிக்கிறவன்கூட அவ்வளவு நன்றாக நடிக்க மாட்டான். தையல்காரியை வீட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னார். மெஷினை அவருடைய ஆட்களே சுமந்து வந்து மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார்கள். பழையவர் தானே ஒரு முனையைப் பிடித்தார், படம் எடுக்கிறவரை. தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இது உன் இடம் தாயே, எவனும் தொடமாட்டான் என்றார். ஜனம் கை தட்டியது. நேற்றுவரை அவரைத் திட்டிய அதே ஜனம்!

மறுநாள் நகரம் முழுக்க அந்தப் படம். மெஷினும் தையல்காரியும் அவரும். ‘தவறென்றால் தன் ஆளையும் தட்டிக் கேட்பவர்’ என்று கொட்டை எழுத்து. போனில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்களோ. டாக்டரம்மாவும் வக்கீலும் அதன் பிறகு எதைப் பேசினாலும் எடுபடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

பழையவர் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். சந்தைப் பகுதியில் முதல் இடம்.

முடிவு வந்த அடுத்த வாரம் என் ஓரகத்தி சந்தைக்குப் போனாள். நானும் போனேன். தையல்காரி தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சட்டைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் அந்தப் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. கூரைத் தகட்டை இன்னும் மாற்றவில்லை, மெஷின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கயிற்றில் கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

இவள் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தாள். தையல்காரி கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தப் பதினைந்து நாளில் ஆறு கூட்டத்தில் தன்னை மேடையேற்றினார்களாம். ஆறிலும் எழுதிக் கொடுத்ததை நன்றி என்று வாசித்தாளாம். வீட்டில் இருக்கிற மூன்று ஓட்டும் அவருக்கே போட்டார்களாம், போடாவிட்டால் எப்படியாவது தெரிந்துவிடும் என்ற பயத்தில். படத்தைக் கழற்றவும் முடியாதாம், குத்தகைக்காரன் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறானாம்.

“உன்மேல கோபம் இல்லைம்மா. நீ நல்லவதான், எனக்குத் தெரியும். ஆனா இனிமே எனக்கு நல்லது எதுவும் பண்ணிடாதே.”

சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். என் ஓரகத்தி சரிக்கா என்றாள். நான்தான் வழி முழுக்கப் பழையவரையும் கண்ணாடி அறைக்காரனையும் கை தட்டிய ஜனத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். தையல்காரியையும் திட்டலாம் என்று, அவள் சொன்னதில் ஒரு தப்புக் கண்டுபிடிக்க மூன்று நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.