சூடு தெரியாத கால்

கொழும்புக் கோட்டையில் காலை ஆறு மணிக்குச் சற்று முன் கிளம்பிய ரயில், நூற்று எழுபத்து மூன்று கிலோமீட்டர் ஏறி, பதினொரு மணிவாக்கில் ஹட்டனில் என்னை இறக்கிவிட்டது. இறக்கிவிட்டது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெட்டிப் படியின் உயரத்தைப் பார்த்து நான் மலைத்து நிற்க, பின்னால் வந்த சிங்களப் பெரியவர் ஒருவர் முதலில் பையை வாங்கிக் கீழே வைத்தார், அப்புறம் என்னைக் கைபிடித்து இறக்கினார். திருச்சி தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு இது. எடை எண்பத்திரண்டு கிலோ. கூடவே பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதியும் இருக்கிறது.

என் அப்பாவின் சித்தப்பா ஒருவர் துறையூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தேயிலைக் காட்டுக்கு வந்தவர். வந்தவர் வந்தவர்தான், ஊர் திரும்பவில்லை. அவருடைய பேத்தி செல்வராணி டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், லயம் என்கிற அங்கத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிறாள். எனக்குத் தங்கை முறை, வயது நாற்பத்தாறு. கைபேசியில் முகம் பார்த்துப் பேசியதோடு சரி, நேரில் பார்த்ததில்லை. தனக்கும் சர்க்கரை இருப்பதாக அப்படிப் பேசியபோதுதான் சொன்னாள். அவள் புருஷன் ஜெயக்குமார் ஸ்டேஷன் வாசலில் தன் ஆட்டோவோடு காத்திருந்தார்.

"மதினி, சரியா நடுவுல இருங்க. ஏத்தத்துல ஒரு பக்கமா சாஞ்சா வண்டியும் சாஞ்சிரும்" என்றார் பார்த்த முதல் நிமிஷத்தில். ஆளுக்கு வாய் ஜாஸ்தி என்று தெரிந்துகொண்டேன். அவருக்கும் தொப்பை ஹேண்டில்பாரை முட்டிக்கொண்டுதான் இருந்தது.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் பாயின் கடையில் நிறுத்தி ஐந்து கிலோ கோதுமை மாவும் இரண்டு கிலோ சீனியும் வாங்கினார். ஒரு வாரத்துக்குக் காணுமா என்று கேட்டேன். மாவு காணாது என்றார். மூன்று வேளையும் ரொட்டிதானாம், அரிசி விற்கிற விலையில் சோறு எப்போதாவதுதான். நான் வேடிக்கை பார்த்த நேரத்தில் அவர் சோடா ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தார்.

டிக்கோயா நாலைந்து கிலோமீட்டர்தான். அதைத் தாண்டி வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறியதும் முதுகெலும்பு கழன்றுவிடும்போல இருந்தது. மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எனக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது, நான் உட்கார்ந்து தின்றவள். நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிற ராணிக்கு எப்படி வந்தது?

"எங்க லயத்துல வீட்டுக்கு ஒருத்தருக்காவது சீனி வருத்தம் இருக்கு மதினி. காலையில வெறும் வயித்துல சீனி போட்ட தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஏறுறாங்க. மலையில பசிச்சா மறுபடியும் அதான். வேற என்ன இருக்கு?"

"உங்களுக்கு?"

"பாக்கல. பாத்தா இருக்குன்னுதானே சொல்வாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விருந்தாளியாகப் போய் முதல் நாளே சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி. மழை விடவில்லை. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ராணி வந்தாள். படங்கு என்கிற முரட்டுத் துணியைச் சுற்றிய இடுப்பு, நனைந்த தலை, ரப்பர் செருப்பு. குச்சி உடம்பாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தது. "அக்கா" என்று கட்டிக்கொண்டாள். அவள் கணுக்காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"அடியே, காலைப் பாரு."

"அட்டை கடிச்சிருக்கும். முன்ன எல்லாம் ஊருறப்பவே தெரிஞ்சிரும். இப்ப ஒண்ணும் தெரியுறதில்ல, அதுவும் நல்லதாப் போச்சு" என்று சிரித்தபடி, சாம்பலை எடுத்து அப்பிக்கொண்டாள்.

இங்கே வேலை முடிந்து வந்தவர்கள் முதலில் செய்வது அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து காலை அனலில் காட்டுவதுதான். எங்கள் ஊரில் காலை நீட்டி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் பைத்தியம் என்பார்கள். அங்கே அந்தக் குளிரில் நானும் நீட்டினேன். ஆகா, என்ன சுகம். எனக்கு இந்தப் பக்கம் ஜெயக்குமார், அந்தப் பக்கம் ராணி. கொழும்பில் துணிக்கடை ஒன்றில் மகள் கலா வேலைக்குச் சேர்ந்த கதையை ராணி சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் மலை ஏறாத முதல் பெண் அவள்தான் என்று சொல்லும்போது அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

ஏதோ கருகுகிற வாடை. செருப்பு என்று நினைத்து நான் சுற்றிலும் தேடினேன். ராணியின் வலது குதிகால் அடுப்புக் கல்லில் ஒட்டியபடி இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கலாவுக்குக் கடையில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறார்களாம். நான் கத்திக்கொண்டே அவள் காலைப் பிடித்து இழுத்தேன். குதிகால் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள், காலைப் பார்த்து அல்ல.

இழுத்த வேகத்தில் சுண்டுவிரலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்தது. விரல் கறுத்துப் போயிருந்தது. நாற்றம். ஜெயக்குமாரும் அப்போதுதான் அதைப் பார்க்கிறார் என்பது தெரிந்தது.

"கிளினிக்ல காட்டலையா?"

"கைய நீட்டச் சொல்றாங்க, இரத்தம் எடுக்கிறாங்க. கால யாரும் கேக்கலக்கா. குளிருக்கு மேசு போட்டுக்கிட்டுத்தானே போறோம்." மேசு என்றால் காலுறை. அவிழ்ந்த துணியை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "காட்டினா வேலைக்குப் போகாதேன்னு சொல்லுவாங்க. எனக்குப் பேர் விழலன்னா இந்தக் காம்பராவக் கேப்பாங்க."

ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் பேர் எழுதுவார்கள், அதைத்தான் பேர் விழுவது என்கிறாள். இந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வேலை செய்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம் என்று நடைமுறை. ஆட்டோ ஓட்டுவது அதில் சேராது. காம்பரா என்கிற இந்த ஒற்றை அறைக்காக அந்த விரலைத் துணிக்குள் வைத்துக்கொண்டு அவள் மலை ஏறியிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை ஜெயக்குமார் ஏறக்குறைய தூக்கித்தான் வண்டியில் வைத்தார். வரிசையில் பெரும்பாலும் கொழுந்து எடுக்கிற பெண்கள். சுவரில் ஒரு படம்: விளையாட்டு ஷூ போட்ட ஒருவர் புல்வெளியில் நடக்கிறார், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. திருச்சியில் என் டாக்டர் என்னிடம் கெஞ்சுவதும் இதைத்தான். எனக்குச் சொன்னால் சரி. இந்த வரிசைக்கு யார் அதைச் சொல்வது?

டாக்டர் இளம்பெண், சிங்களம் பேசுகிறவர். ராணி சிங்களத்திலேயே பதில் சொன்னாள். நைலான் நரம்பு போன்ற ஒன்றால் உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். தொட்டபோதெல்லாம் "ஓவ்" என்றாள் ராணி. ஆமாம் என்று அர்த்தம். அவள் கண் டாக்டரின் கையை விட்டு நகரவில்லை. டாக்டரும் அதைக் கவனித்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார்.

கண்ணை மூடினாள். டாக்டர் தொட்டார், அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னோர் இடத்தில் தொட்டார், அப்போதும் இல்லை. பிறகு டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று ராணி "ஓவ்" என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடியும் "ஓவ்" என்றாள். அவள் காலை யாருமே தொடவில்லை. ஜெயக்குமார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விரல் போகும், கண்டிக்கு அனுப்புகிறோம், பாதத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அங்கே பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஜெயக்குமார் அதை எனக்குத் தமிழில் சொன்னார். ராணி அழவில்லை. மறுபடியும் மலை ஏறலாமா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் கண்டிக்கு அனுப்பும் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

"கலாவக் கூப்பிடுங்க" என்றாள் ராணி புருஷனிடம்.

"உன்னைப் பாக்கவா கூப்பிடச் சொல்றே? கண்டிக்குத்தானே வரணும் அவ?"

"தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க. அவ பேரப் பதியணும்."

அவர் வெளியே போய்க் கைபேசியில் பேசினார். நான் ராணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நேற்று மகளைப் பற்றிப் பேசிய அந்த முகம் இல்லை. வேறு வழி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அன்று மத்தியானமே அவளைக் கண்டிக்கு ஏற்றிப் போனார்கள். கூட லயத்துப் பெண் ஒருத்தி துணைக்குப் போனாள்.

அதற்கடுத்த நாள் நான் கிளம்ப வேண்டும், சென்னைக்கு விமானம். கொழும்பு போகிற ரயிலுக்காக ஹட்டன் ஸ்டேஷனில் நின்றேன். அதற்கு முன்பே மேலே ஏறுகிற ரயில் வந்தது, அதில் கலா வந்து இறங்கினாள். பத்தொன்பது வயது. வெள்ளைச் சட்டை, நேராக வாரிய தலை, தோளில் ஒரு பை. ஜெயக்குமார் பையை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பப் போனார். அவள் என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப வலிக்குதாங்களா?"

"இல்லம்மா. அவளுக்கு வலியே தெரியல."

"அப்பாடா" என்றாள். நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "வர்ற வழியெல்லாம் அதே நெனப்புதாங்க. வலி இல்லன்னா சீக்கிரம் ஆறிரும்ல. ரெண்டு வாரத்துல வந்துருவேன்னு கடையில சொல்லிட்டு வந்திருக்கேன். என் எடத்துக்கு வேற ஆள் போட மாட்டோம்னாங்க."

பேர் பதியப் போவதை ஜெயக்குமார் அவளிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. "சரிம்மா" என்றேன்.

என் ரயில் வந்தது. அவளே என் பையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, முழங்கையைப் பிடித்து என்னையும் படியேற்றிவிட்டாள்.