கிணற்றடி நொச்சி

எங்கள் நயினாதீவு வீட்டில் கிணற்றடி நொச்சிப் பற்றைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் அப்பா. கோயிலில் பூசை செய்பவர். வீங்கிய முழங்கால்களுக்குப் பின்னேரம் நொச்சியிலை அவித்த தண்ணீர் ஊற்றினால்தான் மறுநாள் கருவறைப் படி ஏறுவார். மற்றவர் அப்பாவின் ஒரே தங்கை, எங்கள் மாமி. வீக்கத்தை வற்றவைக்கும் சத்தை அதே இலையிலிருந்து தனியாகப் பிரித்தெடுப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சி. இப்போது கடல் கடந்து எங்கேயோ இருக்கிறார். தொலைபேசியில் முகம் தெரிகிறது, மடியில் தலை வைக்க முடியவில்லை.

அந்த விடுமுறையில் மாமி வந்ததும் எங்கள் கட்டில்கள் பறிபோயின. வெயில் படாமல் உலர வேண்டுமென்று எல்லாவற்றிலும் இலையைப் பரப்பிவிட்டார். சாக்கு நிறைய இலை போனால் நகக்கண் அளவு மஞ்சள் பொடி மிஞ்சுமாம். எனக்குப் பொடியைப் பற்றி என்ன கவலை? மாமியோடு தரையில் படுக்கக் கிடைத்ததே போதும்.

மாமி புறப்படும் நாள் காலையில் நிறுத்துப் பார்த்தால் இலை குறைந்தது. வேறு வீட்டு நொச்சி சரிவராது, ஒரே பற்றையின் இலையாக இருக்க வேண்டும். அப்பாவுக்கென்று மாமி தொடாமல் விட்ட பக்கம் மட்டும்தான் மிச்சம்.

"காணாது அண்ணை. மழைக்குத் தளிர்க்கட்டும், அதுவரைக்கும் நிக்கிறன்."

"அப்ப வெளிநாட்டுப் படிப்பு?" என்றார் அம்மா.

"பிந்தினா அந்த இடத்தை வேற ஆருக்கும் குடுத்திடுவாங்கள்" என்றார் மாமி.

எனக்கு வாயெல்லாம் பல். மாமி நிற்கப்போகிறார்!

அப்பா நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போனார். தன் பக்கத்தையும் மொட்டையாக உருவிச் சாக்கில் திணித்தார்.

"இந்தா. அங்கை கொண்டுபோய் உலர்த்து."

"உங்கட கால் அண்ணை?"

"அதைப் பிறகு பாப்பம். நீ வெளிக்கிடு."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. சொந்தத் தங்கையை இப்படியா துரத்துவது?

இறங்குதுறையில் மாமியையும் சாக்கையும் ஏற்றிக்கொண்டு படகு அக்கரைக் குறிகட்டுவான் பக்கம் திரும்பியது. நாங்கள் வீட்டுக்கு நடக்கத் தொடங்க, அப்பா மட்டும் துறைச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கால் ஏலாது. நீங்கள் நடவுங்கோ, நான் ஆறுதலா வாறன்."

சந்தியில் நின்று திரும்பிப் பார்த்தேன். படகு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா இன்னும் கடலைப் பார்த்தபடி அங்கேயே இருந்தார். இலையை எல்லாம் உருவிக் கொடுத்தால் கால் நோகாமல் என்ன செய்யும், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து நடந்தேன்.