பொட்டி வந்துடுச்சி

லோகநாயகிக்குப் பொய் சொல்ல வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று காலை அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னாள்.

குடிகாட்டுக்காரி. நாற்பத்தைந்து வயது. புருஷன் தங்கராசு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிட்னி இரண்டும் போனதும், டயாலிசிஸுக்கு அழைத்துப்போக இவளே அந்த வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். கடைசி நாட்களில் அவர், "பொழச்சுக்குவேனா லோகு?" என்று கேட்டாராம். "தெரியலீங்க" என்று சொல்லியிருக்கிறாள். புருஷனிடமே அப்படிப் பேசியவள் என்னிடமா நயமாகப் பேசுவாள்? எனக்கும் டயாலிசிஸ்தான். நான் வேனில் ஏறும்போதே என் பாதத்தைப் பார்ப்பாள். "வீங்கியிருக்கு சார். நேத்து தண்ணி ஜாஸ்தி குடிச்சிருக்கீங்க." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொன்னது சரியாக இருப்பதால் வாயை மூடிக்கொண்டு ஏறுவேன்.

தங்கராசு போன பிறகும் அவள் அந்த ட்ரிப்பை விடவில்லை. செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரைக்கு மஞ்சக்குப்பத்தில் முதலில் என்னை ஏற்றுவாள். அடுத்து முதுநகரில் அப்துல் ஹக் பாய். குடிகாட்டில் அவள் பக்கத்து வீட்டு இருசம்மாள். ஆலப்பாக்கத்தில் ஜெயப்பிரகாஷ். நாலு பேருக்கும் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில்தான் மிஷின் கிடைத்திருந்தது. ஒரு நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். அடுத்த நாளும் தவறினால் நுரையீரலுக்குப் போய்விடும். அந்தப் பழைய வேன் ஓடினால்தான் நாங்கள் ஓடுவோம்.

போன வருஷம் சித்திரையில் அது நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எஞ்சின் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறினால் மறுபடி கிளம்பும். ஒருமுறை புதுச்சத்திரம் தாண்டி நின்றபோது பாய்க்கு மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிட்டது. லோகநாயகி ரோட்டின் நடுவில் நின்று ஒரு லாரியை மறித்து, அவரை அதில் ஏற்றி அனுப்பினாள். அன்று அவர் பிழைத்தது பெரிய விஷயம்.

முதுநகரில் ஹுமாயூன் என்று ஒரு எலக்ட்ரீஷியன், வண்டி வயரிங் பார்ப்பவன். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகல அலுமினியப் பொட்டி ஒன்றை வெளியே இழுத்தான். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று சொல்கிற கம்ப்யூட்டர் அது. எஞ்சின் ஓடும்போதே ஹேர் டிரையரால் அதற்குச் சூடு காட்டினான். இரண்டே நிமிஷத்தில் எஞ்சின் அணைந்தது. "பாத்தீங்களாக்கா, சூடானா மூளை மயங்கிடுது. பொட்டியத்தான் மாத்தணும்." இந்த மாடலுக்குப் புதிது வருவதில்லை. காயலான் கடைகளில் பழையது தேடுவதாகச் சொன்னான்.

மெக்கானிக்குகளுக்கு அது பொட்டி. ஊருக்குப் பொட்டி என்றால் வேறு. சாவு விழுந்த வீட்டுக்குக் கண்ணாடி மூடி போட்டு வாடகைக்கு வருமே ஐஸ் பொட்டி, அதுதான். "பொட்டி வந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும்.

தன் போன் ரிப்பேர் என்று லோகநாயகி ஹுமாயூனிடம் இருசம்மாள் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தாள். அவன் கூப்பிட்டபோது எடுத்தது இருசம்மாளின் மருமகள் பொன்னி. "பொட்டி வந்துடுச்சி. சாயங்காலம் எடுத்துட்டு வரட்டா?" என்றிருக்கிறான். பொன்னி போனைப் போட்டுவிட்டு அலறினாள். அக்கம்பக்கம் ஓடிவந்தது. கட்டிலில் படுத்திருந்த இருசம்மாளே எழுந்து போனை எடுத்து, "யாருக்குப்பா பொட்டி?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான்க்கா," என்றான் ஹுமாயூன், லோகநாயகியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

மறுநாள் வேனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் இருசம்மாள். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஹுமாயூன் லேப்டாப்பை மாட்டி, எங்கள் வேனின் சாவியை அந்தப் பொட்டிக்கு அடையாளம் காட்டி, ஒருநாள் பூராவும் உட்கார்ந்து வேலையை முடித்தான். வண்டி புதுசு மாதிரி ஓடியது. இரண்டு வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, இருசம்மாள் வீட்டு வாசலில் பிரேக் போட்டதும் எஞ்சின் அணைந்தது. லோகநாயகியின் கை சாவியில் இல்லை.

"நான் நிறுத்தல. தானா நின்னுடுச்சி," என்றாள்.

படியில் ஒரு கால் வைத்திருந்த இருசம்மாள், "எம் பொட்டி வந்துடுச்சி போல," என்றாள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை விடியுமுன் அவள் போய்விட்டாள். கண்ணாடி மூடி போட்ட பொட்டி அந்த வாசலில் இறங்குவதை நானே பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆலப்பாக்கம். ஜெயப்பிரகாஷுக்கு முப்பத்துநாலு வயதுதான். அவன் வாசலில் வண்டி தானாக நின்றது ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள்.

சர்வே ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து அளந்தவன் நான். அளக்க முடியாத எதையும் நம்பியதில்லை. கிட்னி போனவன் சாவது அதிசயமா என்று பாயிடம் எரிந்து விழுந்தேன். அவர் தஸ்பீஹ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டேன். பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

லோகநாயகி ஹுமாயூனிடம் போனபோது நானும் கூடப் போனேன். லேப்டாப்பில் ஒரு குறையும் காட்டவில்லை. "நிக்கும்போது எஞ்சின் ஸ்பீடு கொஞ்சம் கம்மியா இருக்கலாம்க்கா. ஏத்தி வைக்கிறேன்," என்றான்.

"இது முன்னால எந்த வண்டியில இருந்திச்சி?"

அவன் தலையைச் சொறிந்தான். பழைய வண்டியின் சேசிஸ் நம்பர் இன்னும் பொட்டிக்குள்ளேயே இருந்தது. காயலான் கடைக்காரரை விசாரித்தும் இருந்தான். "அமரர் ஊர்திக்கா. வீட்டு வாசல்ல போயி நிக்கும், ஆஃப் பண்ணுவாங்க. வருஷக்கணக்கா அதுக்கு அதான் வேலை." பிறகு, "மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே பொட்டியின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டான்.

"பழசையே மாட்டிடு," என்றாள் லோகநாயகி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பழசு நடு ரோட்டுல நிக்கும். பாய் ரோட்டுலயே போய்ச் சேருவாரு. இது ரோட்டுல ஓடுதுல்ல? அது போதும்."

"அடுத்து உங்க வாசல்ல நின்னா சார்?"

"நின்னா நிக்கட்டும்."

வாய் சொல்லிவிட்டது.

அவள் பொட்டியை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். திரும்பி வரும்போது பீச் ரோட்டில், "ஒண்ணு பண்றேன் சார். ஒவ்வொரு வாசல்லயும் அது நிக்கிறதுக்கு முன்னால நானே ஆஃப் பண்ணிடுறேன். நாம முந்திக்கிட்டா, அதுக்கு நிக்க வேலையே இல்லையே," என்றாள். சர்வே ஆபீசில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

எட்டு மாதம் ஆகிறது. அவள் சாவிக்கொத்தில் தங்கராசு மாட்டிய சின்னப் பித்தளை மணி இருக்கிறது; சாவியைத் திருப்பினால் கிணுங்கும். வண்டி வரும் சத்தம், மணிச் சத்தம், பிறகு நிசப்தம். இந்த வரிசையைக் கேட்டுவிட்டுத்தான் நான் கதவைத் திறப்பேன். புதிதாக வரும் இரண்டு பேர், வாசலுக்கு வாசல் இவள் ஏன் எஞ்சினை அணைக்கிறாள் என்று முணுமுணுக்கிறார்கள். நாங்கள் சொல்வதில்லை.

இன்று வியாழன். துண்டும் போர்வையும் வைத்த பையோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வண்டி வந்தது. எஞ்சின் அணைந்தது. அதற்குப் பிறகுதான் மணி கேட்டது.

கதவைத் திறந்தேன். சீட்டை விட்டு இறங்காதவள் இறங்கி கேட் வரை வந்து, என் பையை வாங்கிக்கொண்டாள். என் பாதத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன்," என்றாள்.

நான் கேட்கவே இல்லை.

"முதல்ல மணிச் சத்தம் கேட்டுச்சேம்மா," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பொய் நன்றாகவே வரும்.