கடிதத்துக்கு ஒரு கணியம்

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. அதிலும் சொற்கள் அடுத்தவருடையவை. கோட்டாற்றில் ஒரு கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது மட்டுமே என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன் இப்படி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அலுவலகத்தில் வாயைத் திறந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எங்கள் கடற்கரையிலிருந்து ஆண்கள் வளைகுடாவின் அக்கரையில் ஒரு நாட்டுக்குப் படகு வேலைக்குப் போவார்கள். அங்கே சண்டை மூண்டதும் துறைமுகத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை எல்லைக்குக் கொண்டுபோக ஒரு பேருந்து ஏற்பாடானது. ஆளுக்கொரு அனுமதிக் கடிதம். அதைப் போனில் காட்டினால்தான் துறைமுக வாசலைத் தாண்ட விடுவார்கள். கடிதங்களை நம் அரசு தன் இணையதளத்தில் போட்டது; அவரவர் தனக்குத் தந்த கடவுச்சொல்லைப் போட்டால்தான் இறங்கும். அந்த நாட்டு அரசோ வெளிநாட்டுத் தளங்களை அடைத்து வைத்திருந்தது.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண்ணின் கணவர் அங்கே இருந்தார். அதே படகில் அடுத்த ஊர்க்காரர்கள் நான்கு பேர். அவளோடு நாகர்கோவிலில் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவில்லை.

“வெப்சைட்ல போட்டாச்சும்மா.”

“அங்க அது தொறக்கல்ல சார்.”

“தொறக்கலன்னா நாங்க என்ன செய்யதுக்கு? போட வேண்டியது எங்க வேலை. போட்டாச்சு.”

எங்கள் ஊருக்காக நான் ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன், ஐந்து பேருடைய கடிதங்களையும் தந்தால் அதில் போட்டுப் பார்ப்பேன் என்று முணுமுணுத்தேன். அவள் கணவரின் கடிதத்தை மட்டும் தந்தார்.

“வேற ஊரு ஆளுக்க கடிதம் உமக்கு எதுக்குவே?”

நான் பேசாமல் வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் தளம் இருப்பது கிளவுடில். எங்கோ உள்ள ஒரு கம்பெனியின் கணினிகளில் வாடகைக்கு எடுத்த கொஞ்சம் இடம், அவ்வளவுதான். கடிதத்தை ஏற்றினேன். எந்த நாட்டில் எது திறக்கிறது என்று காட்டும் பக்கத்தில் பார்த்தேன். அடைப்பு. வேறு கிளவுடுக்கு மாற்றினேன். அரை நாள் திறந்தது, பிறகு அதையும் அடைத்தார்கள். ஒரு மீன்பிடிக்காரனின் பெயரும் படமும் உள்ள ஒரே ஒரு தாள். அதை வாசித்து எந்த அரசு கவிழப் போகிறது? அடைத்தவன் அதை வாசிக்கவுமில்லை. ஒரு வீட்டைப் பிடிக்கவில்லை என்று தெருவையே அடைக்கிறவன் அவன். இங்கே இருப்பவனோ போட்டாச்சு என்று கையைக் கழுவுகிறான்.

தேடித் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. அந்த நாட்டு வங்கிகளும் கடைகளுமே நம்பியிருக்கும் ஒரு கிளவுட் உண்டு. அதை அடைத்தால் அவர்கள் வயிற்றிலேயே அடி விழும். பேருந்துக்கு முந்தின நாள் காலையில் கடிதத்தை அங்கே வைத்தேன். திறந்தது.

முகவரியை அவருக்குச் சொல்ல வேண்டும். அழைப்பு கிடைக்காது, குறுஞ்செய்தி மட்டும் போகும். அவள் போனில் வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி இல்லை. என் கடைப் போனிலிருந்து அனுப்பினோம். பதில் வந்தது: “நீ எந்த ஏஜென்டுலே? போலே.”

அவரைக் குறை சொல்ல முடியாது. உறவுக்காரன் மாதிரி லிங்க் அனுப்பி, திறந்தவர்களின் பாஸ்போர்ட் நகலை ஒரு ஏஜென்ட் பிடுங்கியிருந்தான். பிள்ளைகளின் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போனை வாங்கி அந்தப் பதிலை வாசித்தாள். பிறகு, “அண்ணே, கணியம் அனுப்புவம்” என்றாள்.

கடலுக்குள் இருக்கும் பாறையில்தான் மீன் கூடும். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் நேர்கோடுதான் கணியம். இரண்டு கணியங்கள் வெட்டும் இடத்தில் பாறை. அவள் கணவரின் அப்பா கண்டுபிடித்த ஒரு பாறை அவர்களுக்கு உண்டு. கடலில் தனக்கு ஏதாவது ஆனால் தங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் இரண்டு கணியங்களையும் கணவர் அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

“படகுல மத்த ஊருக்காரனும் வாசிப்பானே மக்கா. போன் எல்லாருக்கும் பொதுவுல்லா?” என்றேன்.

“ஒண்ணு மட்டும் அனுப்புங்க. ரெண்டாவது எனக்க வாயிலேருந்து வராது. ஒங்ககிட்டயும்தான்.”

முதல் கணியம்: எங்கள் தேவாலயத்தின் உச்சிக் குருசுக்குப் பின்னால் மருந்துவாழ்மலையின் கிழக்குச் சரிவு. அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன், கீழே முகவரியைச் சேர்த்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பதில் வந்தது.

“யாரக் கேட்டு அத எழுதுன? ரெண்டாவதச் சொன்னியோ, வந்து ஒனக்கு வச்சிருக்கேன். கடிதம் கெடச்சு.”

அவள் இரண்டு முறை வாசித்தாள். “ஆளு அவருதான்” என்றாள்.

மறுநாள் காலையில் அவர் கடிதத்தைக் காட்டிப் பேருந்தில் ஏறினார். அடுத்த ஊர்க்காரர்கள் நான்கு பேரும் வாசலுக்கு உள்ளேயே நின்றார்கள். அரசின் தளம் அன்றும் அங்கே திறக்கவில்லை.