புகைத்தவருக்குத் தெரியாத வாடை

நாகல் நகரில் விலைக்கு வந்த அந்த வீட்டை முதல்முறை பார்க்கப் போனபோது வாசலிலேயே சாம்பிராணி மணந்தது. புரோக்கர் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, ஃபேனையும் ஓடவிட்டிருந்தார். ஹால், படுக்கையறை, அடுப்படி, பின்னால் ஒரு சின்ன அறை. எனக்கும் என் கணவருக்கும் அது போதும். ஆளில்லாத வீட்டில் சாம்பிராணி எதற்கு என்ற கேள்வி, வேடசந்தூர் வாடகை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அதனால் ஒரு மழைநாள் புரோக்கரிடம் சொல்லாமலே போனோம். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. கதவைத் திறந்ததும் சிகரெட் நெடி முகத்தில் அடித்தது. யாரோ இப்போதுதான் குடித்துவிட்டுப் போன வாடை இல்லை. பல வருஷம் ஊறிப்போய், மழை ஈரத்தில் மறுபடி கிளம்பிய வாடை.

எனக்கு எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை வாடையும் எங்கே ஒளிந்திருக்கிறது? கைக்குட்டையை நனைத்து சுவிட்ச் போர்டைத் துடைத்தேன். பழுப்புக் கறை டீ டிகாஷன் போல இறங்கியது. காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுவர் சதுரமாகப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்த வீட்டுக்கு சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அடித்தது வெள்ளைதான்.

என் கணவர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் வேலை நூல் மில்லில். பஞ்சுத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து இருமல் முற்றியதால், சிகரெட்டை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போகும்போது, இந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"எனக்கு அந்த வாடை புடிச்சிருந்துச்சு," என்றார். "அதான் யோசனையா இருக்கு."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் குமட்டுவது அவருக்கும் குமட்டும் என்றே நினைத்திருந்தேன். பெயின்ட் அடித்தால் எல்லாம் போய்விடும் என்று புரோக்கர் போனில் சாதித்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்காரரையே நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் திருச்சியிலிருந்து வந்தார். தோல் வியாபாரம் பார்த்து ஓய்ந்த முஸ்லிம் பெரியவர். மனைவி இறந்தபின் மகள் வீட்டோடு போய்விட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கி, கடைசியில் நேரடியாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மனைவி போனதோடு சிகரெட்டையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். மூக்கு அதற்கு முன்பே போய்விட்டதாம். அதைக் கெடுத்தது தோல் மண்டியா, சிகரெட்டா என்பது அவருக்கே தெரியவில்லை.

"இன்னமுமா இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அப்புறம், "எங்கெங்க இருக்குன்னு சொல்லும்மா. எனக்கும் தெரியணும்," என்றார்.

அப்படித்தான் ஒருவருடைய வீட்டை அவருக்கே முகர்ந்து சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஹாலில் ஜன்னலோரம் அதிகம் என்றேன். அங்கேதான் அவர் நாற்காலி கிடந்ததாம். படுக்கையறையில் சுவரலமாரிக்குள் வீசியது. சட்டை தொங்கவிட்ட இடம் என்றார். அடுப்படியில் பழைய எண்ணெய் வாசம் தவிர ஒன்றுமில்லை. அங்கே சிகரெட்டோடு நுழைய மனைவி விட்டதே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் சொல்லச் சொல்ல, சரியாகப் பதில் எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கும் கூச்சம் போய்விட்டது.

பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போன நான் இருமிக்கொண்டே வெளியே வந்தேன். வீட்டிலேயே இங்கேதான் அதிகம் என்றேன்.

அவர் தலையாட்டி மறுத்தார். "இங்க நான் குடிச்சதே இல்லம்மா. இது அவ தைக்கிற ரூமு."

என் கணவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் கிடையாது. காற்று வர வைத்த சின்னத் திறப்பையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அம்மா தைக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று பெரியவரிடம் கேட்டார்.

பெரியவர் யோசிக்கவே இல்லை. நேராக வந்து கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். அவர் தோள் பட்ட இடத்தில் மரம் வழவழவென்று இருந்தது.

"இங்கன நின்னுதான் பேசிக்கிட்டு இருப்பேன்," என்றார். "புகை உள்ள போகக் கூடாதுன்னுதான் வெளியவே நின்னேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளியே நின்று விட்ட புகையெல்லாம் உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. அதற்குள் உட்கார்ந்துதான் அந்த அம்மா தைத்திருக்கிறார்.

"ஹாலை விடவா அதிகம்?" என்று பெரியவர் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமா பாய்."

"அவ ஒரு நாளும் சொல்லலியே," என்றார்.

கிளம்பும்போது சாவியை என் கணவர் கையில் கொடுத்தார். இந்த அறையை முதலில் கழுவிப் பாருங்கள், வாடை போகவில்லையென்றால் வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றார். கூட வந்திருந்த புரோக்கருக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சோடாவும் சுடுதண்ணீருமாக இறங்கினோம். நானே கழுவுகிறேன் என்று சொல்லியும் என் கணவர் கேட்கவில்லை. அந்த வாடைக்குள் நாள் முழுக்க நின்றால் மறுபடி ஆசை வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறி மேற்கூரையைத் தேய்த்தார். பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகி, பனியனுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஏணியை விட்டு இறங்கி, விறுவிறுவென்று குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார்.

சுவர் நனைந்ததும் வாடை மாறிவிட்டிருந்தது. புகை வாசமே இல்லை. புளித்துப்போன, நாள்பட்ட சாம்பல் கிண்ணத்தைக் கழுவினால் வருமே, அந்த நாற்றம்.

"அன்னைக்கு எனக்குப் புடிச்சது இது இல்ல," என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. பிறகு என்ன நினைத்தாரோ, "இதேதான்னு நெனைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

இரண்டாம் முறை கழுவியபோது தண்ணீரின் நிறம் வெளுத்தது. அறையைப் பூட்டி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது சோடா வாசத்துக்கு அடியில் பழைய வாடை லேசாகத்தான் இருந்தது. வீட்டை வாங்கினோம். மற்ற அறைகளையும் கழுவி, கறை மேலே வராமலிருக்க பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்தோம். அலமாரிப் பலகைகளைக் கழற்றி மாற்றினோம். சின்ன அறையில் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தோம்.

குடிவந்தபின் முதல் மழைக்குப் பெரியவர் போன் செய்தார். போய்விட்டதா என்று கேட்டார். ஹாலில் சுத்தமாக இல்லை, சின்ன அறையில் மட்டும் கொஞ்சம் இருப்பதுபோலத் தெரிகிறது என்றேன். ஜன்னல் வைத்ததையும் சொன்னேன். எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று விசாரித்தார். கிழக்கே என்றதும், தைப்பதற்கு நல்ல வெளிச்சம் வருமே என்றார்.

இப்போது அந்த அறையில் எனக்கு ஒரு வாடையும் தெரிவதில்லை. அது நிஜமாகவே போய்விட்டதா, என் மூக்கு பழகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், காபி கொடுப்பதற்கு முன்னால் அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் கதவை மூடி நிற்கவைக்கிறேன். போன மாதம் பழநியிலிருந்து வந்த என் தங்கை, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அவளுக்கு அன்று சளி பிடித்திருந்தது.