முதல் தண்ணீர்

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து எழுந்தபோது தையல்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தக் கறை. பக்கத்தில் இருந்த சோப்பு அக்கா நகர்ந்து வந்து அந்தக் கறைமேலேயே உட்கார்ந்தாள். தன் சால்வையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள்.

“நீ கிளம்பும்மா. எனக்கு இன்னும் கொஞ்சம் செபம் பாக்கி இருக்கு.”

கோயில் காலியாகும்வரை அந்தச் செபம் முடியவில்லை.

சோப்பு அக்கா ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள். முப்பது வருஷமாகப் பிரசவ அறை விரிப்புகள் அவள் கையில்தான் வெளுத்தன. திங்கட்கிழமைகளில் கோயில் பீடத் துணிகளும் அவள் பொறுப்பு. அவள் வருவதற்கு நாலடி முன்னாலேயே சோப்பு வாசனை வந்துவிடும்.

தையல்காரம்மாவுக்கு இரண்டு வருஷமாக உதிரப்போக்கு. அப்படிப்பட்டவள் தீட்டுள்ளவள், அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு என்று பைபிளின் லேவியர் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து அவள் பூசையில் தரும் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. மற்றவர்கள் வரிசையில் போகும்போது கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்வாள்.

மறுநாள் சால்வையைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனாள். கோயில் பின்கட்டில் அக்கா, பூசையில் ஆண்டவரின் இரத்தமாகும் திராட்சை இரசத்தின் பாத்திரம் துடைத்த துணியைப் பேசினில் அலசிக்கொண்டிருந்தாள்.

“வந்தது நல்லதாப் போச்சு. இந்த முதல் தண்ணிய அந்தச் செடிக்கு ஊத்து.”

“நான் தொடக் கூடாதுக்கா. தீட்டு. வேதத்துலயே இருக்கு.”

“அடியே, சட்டம் சொல்ற மோசே, பாதி படிச்சதும் கடைய மூடிட்டியா? ரத்தத்துலதான் உயிர் இருக்குன்னும் அதே புத்தகத்துல இருக்கே. உயிர் ஆண்டவரோடது. அதனாலதான் அந்தக் காலத்து ஜனங்க பயபக்தியா விலகி நின்னாங்க. பாவம்னு இல்ல. இந்தத் தண்ணிய நான் சாக்கடையில விடாதது அழுக்குன்னா?”

“இது ஆண்டவரோட ரத்தம்க்கா. என்னோடது…”

“பன்னெண்டு வருஷம் உன்னை மாதிரி கஷ்டப்பட்டவ ஆண்டவர் அங்கியத் தொட்டாளே, அவருக்கா தீட்டு ஒட்டுச்சு? அவளுக்குத்தான் சுகம் ஒட்டுச்சு. ‘மகளே’ன்னு கூப்பிட்டார். நாலாங்கிளாஸ்காரி சொல்றத நம்பாட்டி பங்குச் சாமியாரையே போய்க் கேளு.”

கேட்டாள். சாமியாரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

அடுத்த ஞாயிறு நன்மை வரிசையில் நின்றவள் இரண்டு பேரை முன்னால் போகவிட்டாள். பின்னாலிருந்து ஒரு விரல் முதுகில் மெல்லக் குத்தியது. “நட.” வியாதி ஒரு வருஷம் கழித்து ஆபரேஷனில்தான் நின்றது. நன்மை அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகள், இரண்டு பேரும் ஒரே பேசின் முன்னால் ஊர்க்கதை பேசியபடி அலசினார்கள். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் தையல்காரம்மா திரும்பிப் பார்ப்பாள்.

அக்கா கடைசியாகப் படுத்தது அதே ஆஸ்பத்திரியில், தான் துவைத்து வெளுத்த விரிப்பில். தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

“இன்னைக்குத் திங்கக்கிழமை, ஞாபகம் இருக்கா? போம்மா. பச்சைத் தண்ணியில அலசு, வெந்நீர் பட்டா கறை தங்கிடும். முதல் தண்ணி செடிக்கு.”