நோட்டீஸ் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நோட்டீஸ்’. முன்கூட்டியே சொல்லாமல், எதிராளியின் பேச்சைக் கேட்காமல் யார் மீதும் கை வைக்கக் கூடாது என்று பாடம் நடத்தி நடத்தி, வீட்டிலும் அதே கூத்துதான். “ஃபேன் போடப் போறேன், யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்பார். விசாரணை முடிவதற்குள் எங்களுக்கு வியர்த்து ஊற்றிவிடும்.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்மாளிடம் இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல், நகராட்சி ஆணையர் ஒரு காலையில் புல்டோசரை விட்டார். உரிமம் உள்ள கடை. பிழைப்புக்கு இருந்த ஒரே மெஷின் சப்பையாகிவிட்டது. அந்த இடத்தில் அதிகாரிகளின் கார்களுக்கு நிழற்கூரை வரப்போகிறதாம். கூரை எழும்பிவிட்டால் அவள் மறுபடி அங்கே கடை போடவே முடியாது.

பேராசிரியர்கள் பொங்கி எழுந்தார்கள். அறைக்குள்தான். வெளியே வரச் சொன்னால் ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருடைய வீட்டுப் பிளான் ஆணையரின் மேஜையில். எப்படியோ எல்லாரையும் இழுத்துப்பிடித்து, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு, வாசலிலேயே கண்டனக் கூட்டத்துக்கு அத்தான் ஏற்பாடு செய்தார். அதோடு சும்மா இருந்தாரா? உங்களைக் கண்டிக்கப் போகிறோம், வந்து உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று ஆணையருக்கே நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

“உங்களுக்கென்ன புத்தி பிசகிப்போச்சா?” என்றாள் அக்கா.

“சட்டம் எல்லாருக்கும் பொதுதானேம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆணையர் ஜம்மென்று வந்து இறங்கினார். பிளான்காரர் ஓடிப்போய் நாற்காலி போட்டார். மைக்கைப் பிடித்த ஆணையர் விடவில்லை. நகரம், அழகு, வளர்ச்சி என்று அளந்துகொண்டே போனார். முதுகுவலிக்காரர் கைதட்டினார். பத்திரிகைக்காரர்கள் கேமராவை மூட ஆரம்பித்தார்கள். மெஷினின் உடைந்த மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெராக்ஸ் அம்மாள் ஓரமாக நின்றாள். அவளைப் பேசச் சொல்ல வேண்டும் என்று எங்கள் சட்ட மேதைகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தானுக்கும்தான்.

அப்போதுதான் அத்தான் அவளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று போய் ஆணையரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார்.

“நீங்க பேசுங்கம்மா.”

ஆணையர் குதித்தார். “என்னய்யா இது! சொல்லாம கொள்ளாம, என்னைப் பேசவும் விடாம பிடுங்கினா என்ன அர்த்தம்? இதெல்லாம் நியாயமா?”

மூடிய கேமராக்கள் படக்கென்று திறந்தன.

ஜெராக்ஸ் அம்மாள் மூடியை இடுக்கிக்கொண்டு மைக்கை வாங்கினாள். “இதையேதான் சார் அன்னிக்கு நானும் கேட்டேன்,” என்றாள்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ஆணையரின் கேள்விதான் கொட்டை எழுத்தில். கூரைக்கு வந்த கம்பிகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. மெஷினுக்கு நஷ்டஈடு கேட்டதற்கு மட்டும், முறைப்படி நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டார்கள் நகராட்சியில். அத்தான் சந்தோஷமாக எழுத உட்கார்ந்துவிட்டார்.